அப்துல் காதர் என்னும் பெயர்: கீழக்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் ஏர்வாடி வரை நீளும் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் 'அப்துல் காதர்' என்ற பெயர் தெருவுக்குத் தெரு ஒலிக்கிறது. கட்டுரைப் போட்டிக்கும் கல்லூரி ஆய்வேட்டுக்கும் குறிப்புத் தேடி வரும் மாணவர்கள் இந்தப் பெயரில் அடிக்கடி வழி தவறுகிறார்கள். ஒருவர் வாழ்ந்த நூற்றாண்டை இன்னொருவருக்கு எழுதிவிடுகிறார்கள். வள்ளலையும் இறைநேசரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களுமே இங்கே உள்ளன. என் வாப்பாவின் (தந்தையின்) பெயரும் அப்துல் காதர்தான் என்பதால், பதில்களில் சற்றுப் பற்று தென்பட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்துல் காதர் என்பதன் பொருள் என்ன? 'அப்துல்' என்பது தனிப் பெயரா?

'அப்து' என்றால் அடியான். 'காதிர்' என்றால் ஆற்றலுடையோன். பின்னது இறைவனின் தொண்ணூற்றொன்பது திருப்பெயர்களுள் ஒன்று. ஆகவே முழுப் பெயரின் பொருள் 'ஆற்றலுடையோனின் அடியான்' என்பதாகும். இராமதாசன், சிவனடியான் என்பவை எவ்வகைப் பெயர்களோ அவ்வகைப் பெயரே இதுவும். 'அப்துல்' என்று மட்டும் அழைத்தால் 'இன்னாரின் அடியான்' என்பதில் இன்னார் யாரென்று சொல்லாமல் பாதியில் நிறுத்தியதாகிவிடும். வெளியூர் அலுவலகங்களில் 'மிஸ்டர் அப்துல்' என்று கூப்பிடும்போது எங்கள் ஊர்க்காரர் சட்டென்று திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் இதுதான். ஊருக்குள் அவர் காதர் மாமா, காதர் காக்கா (காக்கா என்றால் அண்ணன்), காதர் பாய் என்றே அறியப்படுவார். இறைவனின் திருப்பெயரை மட்டும் தனியே பிரித்து மனிதரை அழைப்பதை மார்க்கம் கற்ற பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள் என்றாலும், தெருவின் பழக்கம் அவர்கள் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கரையில் மட்டும் ஏன் இத்தனை அப்துல் காதர்கள்?

முதற் காரணர் பக்தாதில் அடங்கியிருக்கும் முகைதீன் அப்துல் காதிர் ஜீலானி. இன்றைய ஈரானின் கீலான் பகுதியில் பிறந்து, பக்தாதில் கற்றுக் கற்பித்து, 1166இல் மறைந்த அவரது பெயரால் அமைந்ததே காதிரிய்யா என்னும் ஆன்மிக நெறி. கடல் வணிகத்தோடும் கல்வியோடும் அந்நெறி தமிழகக் கரைக்கு வந்து வேரூன்றியது. இஸ்லாமிய ஆண்டின் ரபீயுல் ஆகிர் மாதத்தையே தமிழ் முஸ்லிம்கள் 'முகைதீன் ஆண்டவர் மாதம்' என்று வழங்கினார்கள் என்றால், அப்பெயர் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை உணரலாம். அவரது பெயரின் முற்பாதியை எடுத்துக்கொண்டவர்கள் முகைதீன், மைதீன் ஆனார்கள். பிற்பாதியை எடுத்துக்கொண்டவர்கள் அப்துல் காதர் ஆனார்கள். இரண்டையும் விட மனமில்லாதவர்கள் முகைதீன் அப்துல் காதர் என்றே வைத்துக்கொண்டார்கள். நாகூர் ஆண்டவர் என்று மாலுமிகள் நேர்ச்சை வைத்து வணங்கும் ஷாகுல் ஹமீது அவர்களின் பெயரிலும் அப்துல் காதிர் உண்டு; அவரைக் 'காதிர் வலி' என்று குறிப்பிடுவதும் அதனால்தான்.

இரண்டாவது காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. பேரன் என்ற தமிழ்ச் சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டனாரின் பெயரைத் தாங்குகிறவன் என்பது அதன் கருத்து. எங்கள் ஊரில் பாட்டனாரை 'அப்பா' என்றும் தந்தையை 'வாப்பா' என்றும் அழைக்கிறோம். அப்பாவின் பெயரை மூன்று மகன்களும் தத்தம் தலைப்பிள்ளைக்கு வைத்தால், ஒரே தலைமுறையில் ஒரே குடும்பத்தில் மூன்று அப்துல் காதர்கள் வந்துவிடுவார்கள். இது தவறுதலாக நேர்வதன்று, விரும்பிச் செய்யப்படுவது.

வள்ளல் சீதக்காதியின் பெயரும் அப்துல் காதர்தானா?

ஆம். இந்தப் பக்கத்தில் அதிகமாகக் கேட்கப்படுவதும், பதிலைக் கேட்டவர்கள் அதிகமாக வியப்பதும் இந்தக் கேள்விக்குத்தான். அவரது இயற்பெயர் ஷேக் அப்துல் காதிர். 'ஷேக்' என்பதன் இறுதியும் 'அப்துல்' என்பதன் தொடக்கமும் நாவில் ஒன்றோடொன்று கரைந்து 'செய்தக்காதி' ஆகி, பின்னர் 'சீதக்காதி' ஆயிற்று. இடைப்பட்ட வடிவம் கற்பனையன்று. அவர்மீது பாடப்பட்ட நொண்டி நாடகம் (கால் இழந்த ஒருவன் தன் கதையைச் சொல்வதாக அமையும் நாடக வகை) 'செய்தக்காதி நொண்டி நாடகம்' என்ற பெயராலேயே அறியப்படுகிறது. அரபுப் பெயர் ஒன்று தமிழ் வாயில் புகுந்து, சந்தி கொண்டு, பாட்டின் எதுகைக்குள்ளும் அடங்கி, பழமொழியிலும் ஏறிவிட்ட பிறகு அது அரபு என்பதே மறந்துபோனது. என் எண்ணத்தில் இப்பெயர் பெற்ற மாற்றங்களுள் இதுவே மிக அழகானது.

அவர் கீழக்கரையில் மரக்கலங்கள் வைத்துப் பெருவாணிபம் செய்த மரைக்காயர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். அப்போது சேது நாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி என வழங்கப்பெறும் இரகுநாத சேதுபதி. புகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை எழுப்பிய அவ்வரசர் 1710இல் மறைந்தார். இருவருக்கும் இருந்த நெருக்கத்துக்கு, 'விசய ரகுநாத பெரியதம்பி மரைக்காயர்' என்று வள்ளல் பெற்ற பட்டப்பெயரே சான்று. அரசரின் பெயரை ஒரு வணிகர் தம் பெயருக்கு முன் சூடிக்கொள்வது சிறிய மதிப்பன்று. இதனால் ஆய்வாளர்களுக்கு ஒரு தொல்லையும் உண்டு. டச்சுக்காரரின் ஆவணங்களில் 'பெரியதம்பி' என்ற பட்டப்பெயரே வருவதால், சீதக்காதி என்று மட்டும் தேடுகிறவர் கண்ணில் அவர் படமாட்டார்.

எட்டயபுரத்து உமறுப் புலவரைக் கொண்டு சீறாப்புராணம் பாடச் செய்த புரவலர் இவரே. நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில், நகர வருணனையும் நாட்டு வளமும் சேர்த்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சொல்லும் அந்நூல் முடிவதற்குள் வள்ளல் மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பணியைத் தொடர்ந்து ஆதரித்தார்.

கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலை ஒட்டி வள்ளலின் அடக்கவிடம் இருக்கிறது. கோயில் மண்டபம் போன்ற கல்தூண் வரிசையும், தூண்களின் தலையில் உத்திரம் தாங்கும் போதிகைகளும் கொண்டது அப்பள்ளிவாசல். தூணில் கை வைத்துத் தடவிப் பார்த்தால் பூவும் கொடியும் விரலில் தட்டுப்படும். யாளியோ மனித உருவமோ தட்டுப்படாது. வெயில் நேரத்தில் அந்தக் கல்லின் குளிர்ச்சிக்காகவே தூணில் சாய்ந்திருக்கும் முதியவர்களைப் பார்க்கலாம். அவர்களுள் ஒருவர் பெயராவது காதராக இருக்கும்.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்பது எதைக் குறிக்கிறது?

வள்ளலை நாடி வந்த புலவர் ஒருவர், அவர் இறந்த செய்தி கேட்டு அடக்கவிடத்தில் நின்று அழுது பாட, மண்ணுக்குள்ளிருந்து மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, பொன்னையும் நெல்லையும் ஒரே எடைக்கு விற்ற பஞ்ச காலத்தில் அவர் சோறிட்டதைச் சொல்லும் தனிப்பாடல். படிக்காசுப் புலவர் பாடியதாக வழங்கும் அப்பாடலில் அற்புதம் ஏதும் இல்லை. உலை மட்டுமே இருக்கிறது.

'சீதக்காதி' என்ற பெயரில் திரைப்படம் வந்ததே, அது வள்ளலின் வரலாறா?

இல்லை. 2018இல் வெளிவந்த அப்படம் மேடை நாடக நடிகர் ஒருவர் இறந்த பின்னும் நடிப்பைத் தந்துகொண்டிருப்பதாகப் புனைந்த கதை. பழமொழியை மட்டுமே கடன் வாங்கியது. ஆனால் அதில் நடித்தவர் பெயர் விஜய் சேதுபதி. சீதக்காதி என்ற பெயரும் சேதுபதி என்ற பெயரும் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சுவரொட்டியில் மறுபடியும் ஒன்றாக நின்றதை இராமநாதபுரத்துக்காரர்கள்தாம் அதிகம் ரசித்திருப்பார்கள். அந்நடிகர் இராஜபாளையத்தில் பிறந்தவர். பெயர் மட்டுமே பொது.

கீழக்கரையில் புகழ்பெற்ற வேறு அப்துல் காதிர் உண்டா?

உண்டு. தைக்கா சாகிபு என்று மக்கள் அழைத்த செய்யிது அப்துல் காதிர், 1850இல் மறைந்த மார்க்க அறிஞர். அவரது மாணவரும் மருமகனுமான செய்யிது முகம்மது, மருமகனாக வந்ததாலேயே 'மாப்பிள்ளை லெப்பை ஆலிம்' என்று பெயர் பெற்று, அரபுத் தமிழில் (அரபு எழுத்தில் எழுதப்படும் தமிழில்) பல நூல்கள் எழுதி, 1898 வரை வாழ்ந்தார். இருவருடைய இயற்பெயர்களும் மிகப் பொதுவானவை. அதனாலேயே ஊர் ஒருவரைத் தைக்கா என்னும் தொழுகையிடத்தைக் கொண்டும் மற்றவரை மணவுறவைக் கொண்டும் அடையாளம் கண்டது. மாணவர்கள் செய்யும் பெரும்பிழை, 'கீழக்கரை அப்துல் காதிர்' என்று படித்தவுடன் அதைச் சீதக்காதிக்கு எழுதிவிடுவது. நூற்றாண்டைப் பார்க்க வேண்டும்: 17 என்றால் வள்ளல், 19 என்றால் தைக்கா சாகிபு.

தமிழ்ப் புலவர்களில் இப்பெயருடையவர் யார்?

நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908). 'குலாம்' என்பதற்கும் அடிமை, ஊழியன் என்பதே பொருள். எனவே பெயர் வேறாகத் தோன்றினாலும் கருத்து நெருங்கியதே. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கத்தில் இவர் புலவராக இருந்தார். பாண்டித்துரையார் சேதுபதி மரபினர். வள்ளலுக்கும் கிழவன் சேதுபதிக்கும் இருந்த தொடர்பு போலவே, இந்தக் காதிருக்கும் சேது நாட்டு அரச குடும்பத்தோடு தமிழின் வழியாகத் தொடர்பு இருந்தது.

இராமாயணத்தைப் பாரசீகத்தில் எழுதியவர் பெயரும் அப்துல் காதிர் என்கிறார்களே?

உண்மைதான். அக்பர் அவையில் இருந்த வரலாற்றாசிரியர் அப்துல் காதிர் பதாவுனி, பேரரசரின் ஆணைப்படி வால்மீகி இராமாயணத்தைப் பாரசீகத்தில் ஆக்கினார். அவர் அதை மகிழ்ந்து செய்யவில்லை. மதப்பற்று மிகுந்த அவருக்கு இப்பணி மனச்சுமையாகவே இருந்தது என்பதை அவர் மறைவாக எழுதிவைத்த வரலாறே காட்டுகிறது. விருப்பமில்லாமலும் சில ஆண்டுகள் உழைத்து முடித்தார் என்பதுதான் வியப்பு. இராமர் அணை கட்டியதாகச் சொல்லப்படும் சேதுக்கரை எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அணை கட்டிய படலத்தைப் பாரசீகத்தில் எழுதிய கை ஓர் அப்துல் காதிரின் கை என்று சொன்னால், திருப்புல்லாணிப் பக்கத்து மாணவர்கள் முதலில் நம்ப மறுக்கிறார்கள்.

பாரசீகக் கவிஞர் அப்துல் காதிர் பேதில் வேறொருவர். 1720 வாக்கில் தில்லியில் மறைந்தவர், ஏறக்குறைய வள்ளலின் காலத்தவர்.

விடுதலைப் போராட்டத்தில் இப்பெயருடையவர் இருந்தாரா?

வக்கம் அப்துல் காதர். திருவிதாங்கூரின் வக்கம் என்னும் ஊரில் 1917இல் பிறந்து, வேலை தேடி மலாயா சென்று, அங்கே இந்திய விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் தானூர் அருகே இறங்கியபோது பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில், தோழர்கள் சிலரோடு, தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. மலையாளிகள் நன்கறிந்த இவரை, இவர் உயிர் நீத்த சென்னையில் அறிந்தவர்கள் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

இந்தியாவுக்கு வெளியே தேடினால் அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (1808–1883) கிடைப்பார். 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டுப் பின்னர் சிறைப்பட்டவர். விடுதலையாகி திமிஷ்கில் (டமாஸ்கஸில்) வாழ்ந்தபோது, 1860இல் அந்நகரில் எழுந்த கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைக் காப்பாற்றினார். அவர் தந்தை பெயர் முகைதீன். காதிரிய்யா நெறியின் தலைவர். நம் ஊரில் முகைதீன் மகன் அப்துல் காதர் என்று ஒருவர் இருப்பது எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பாக ஆப்பிரிக்கப் பாலைநிலத்திலும் அப்பெயர்கள் சேர்ந்திருந்தன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1846இல் உருவான எல்காடர் என்னும் சிற்றூருக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

கிரிக்கெட் வீரர் அப்துல் காதிர்?

பாகிஸ்தானின் சுழற்பந்து வீச்சாளர் (1955–2019). 67 டெஸ்ட் போட்டிகளில் 236 விக்கெட்டுகள். 1987இல் லாகூரில் இங்கிலாந்துக்கு எதிராக 56 ரன்கள் கொடுத்து 9 விக்கெட்டுகள். மணிக்கட்டுச் சுழல் அருகிப்போயிருந்த காலத்தில் அதைக் காத்தவர். 1989இல் பெஷாவரில் நடந்த காட்சிப் போட்டியில் 16 வயதுச் சச்சின் இவரது ஒரே ஓவரில் நான்கு சிக்ஸர் அடித்ததைத்தான் நம்மவர்கள் முதலில் நினைவுகூர்கிறார்கள்; அது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

அணு விஞ்ஞானி அப்துல் கதீர் கானும் நம் அப்துல் கலாமும் இதே பெயர்க்காரர்களா?

இருவரும் அல்லர். 1936இல் போபாலில் பிறந்து 2021இல் மறைந்த பாகிஸ்தானியரின் பெயரில் உள்ளது 'கதீர்'. காதிர், கதீர் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. எனினும் நெடில் நிற்கும் இடம் மாறும்போது சொல்லும் மாறுகிறது. தமிழில் கவனமின்றி எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த கலாம் அவர்களின் பெயரில் 'அப்துல்' மட்டுமே பொது. 'கலாம்' என்றால் சொல், பேச்சு. இங்கே குழப்பம் வேறு வடிவில் வருகிறது: நாட்டின் முதல் கல்வியமைச்சர் அபுல் கலாம் ஆசாத் (1888–1958) அவர்களையும் இவரையும் மாற்றி எழுதுகிறார்கள். 'அபுல்' என்பது 'தந்தை' என்பதைக் குறிக்கும். 'அப்துல்' என்பது 'அடியான்' என்பதை. ஓர் எழுத்து நழுவினால் அடியான் தந்தையாகிவிடுகிறான். ஆசாத் அவர்களின் இயற்பெயரிலும் முகைதீன் இருக்கிறது என்பது கூடுதல் செய்தி. நம் ஊர்க்காரரைச் சரியாகக் குறிக்க வேண்டுமானால் முன்னெழுத்துகளை விடக்கூடாது. அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் என்ற முன்னோர் பெயர்களும் தந்தை பெயரும் அந்த மூன்று எழுத்துகளுக்குள் இருக்கின்றன.

காதர், காதிர், காதிறு: எது சரி?

அரபு ஒலிக்கு அருகில் இருப்பது காதிர். பேச்சிலும் அரசு ஆவணங்களிலும் நிலைத்தது காதர். பழைய ஏடுகளிலும் அச்சுநூல்களிலும் ஈற்றில் உகரம் சேர்த்துக் 'காதிறு' என்று எழுதினார்கள். வரலாற்று மாந்தரைக் குறிக்கும்போது அவரவர் காலத்து நூல்களில் உள்ள வடிவையே எழுதுவது நல்லது. நூலகப் பட்டியலில் தேடும்போது மூன்றையும் தேட வேண்டும்.

ஒரே தெருவில் நான்கு அப்துல் காதர்கள் இருந்தால் ஊரார் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

தொழில், வீட்டின் பெயர், போய் வந்த நாடு, உடல் அடையாளம் ஆகியவற்றால். என் வாப்பா சங்கு வாணிபம் செய்தவர். ஆகவே சங்குக் கடை காதர். எதிர்வீட்டில் கொழும்புக் காதர், தெருமுனையில் நெட்டைக் காதர். இவற்றை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். நேரில் மாமா, காக்கா என்ற உறவுமுறைதான்.

இந்தப் பட்டங்கள் தபால் முகவரியில் ஏறாததால் வரும் வினை தனி. பல ஆண்டுகளுக்கு முன் துபாயிலிருந்து என் மூத்த காக்கா அனுப்பிய அட்டைப்பெட்டியைக் கூரியர் ஊழியர் கொழும்புக் காதர் மாமா வீட்டில் கொடுத்துவிட்டார். தந்தை பெயரின் முன்னெழுத்தும் இருவருக்கும் 'மு'தான். மாமி பெட்டியைப் பிரித்து, கோடாலித் தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்த பிறகே உள்ளே இருந்த கடிதத்தைப் படித்திருக்கிறார். மீதியோடு, தைலத்துக்கு ஈடாக ஒரு தட்டு தொதல் என்னும் இனிப்பும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தது.

பெயர் இப்படிப் பெருகுவது முஸ்லிம் வீடுகளில் மட்டுமா?

அவ்வாறு கருத இடமில்லை. பாம்பன், தங்கச்சிமடம் மீனவர் குடும்பங்களில் அந்தோணிகளும், சாயல்குடிப் பக்கம் முனியசாமிகளும், இராமேசுவரத்தில் இராமநாதன்களும் இதற்குக் குறைந்தவர்கள் அல்லர். வரலாற்றிலும் அப்படியே: ஆங்கிலேயரால் 1795இல் பதவி பறிக்கப்பட்டுச் சிறையிலேயே இறந்த முத்துராமலிங்க சேதுபதி வேறு, 1908இல் பிறந்த பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் வேறு. இருவரும் ஆங்கிலேயரின் சிறையைக் கண்டவர்கள் என்பதால் விடைத்தாள்களில் இருவரும் ஒருவராகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுரையில் அப்துல் காதர் ஒருவரைக் குறிப்பிடும்போது எவற்றைச் சேர்த்து எழுத வேண்டும்?

முதல் முறை குறிப்பிடுகையில் ஊர், பட்டப்பெயர், ஆண்டு அல்லது நூற்றாண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அடுத்தடுத்த இடங்களில் பட்டப்பெயர் போதும். 'அப்துல்' என்று ஒருபோதும் சுருக்காதீர்கள். தந்தை பெயரின் முன்னெழுத்தை விரித்து எழுத நேர்ந்தால் வரிசையைக் கவனியுங்கள். வளைகுடா நாடுகளின் அலுவலகப் படிவங்களில் முன்னெழுத்தை விரித்துத் தந்தை பெயரை முதலில் எழுதிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர், அங்கே ஆண்டுக்கணக்காகத் தம் வாப்பாவின் பெயராலேயே அழைக்கப்படுகிறார்கள். என் காக்காவும் துபாயில் முப்பது ஆண்டுகள் மிஸ்டர் காதராகத்தான் வேலை பார்த்தார்.